பாட்டியின் படமும் நின்றுபோன யந்திரமும்

எங்கள் குடும்பத்தில் என் பாட்டியின் முகத்தைக் காட்டக்கூடிய படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. 1940-ஆம் வருஷக் கடைசியில், தனி நபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு தாத்தா எடுத்து வைத்துக்கொண்ட படம் அது. தாத்தா கதர் உடுத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பாட்டி அருகில் நிற்கிறாள். அவள் கையில் ஆறு மாதக் குழந்தையாக இருப்பவள் என் அத்தை. படத்தின் மேல் மூலையிலிருந்து கிளம்பிய ஒரு விரிசல், சரியாகப் பாட்டியின் நெற்றியையும் ஒரு கண்ணையும் கடந்து கீழே இறங்குகிறது. மழைக்காலங்களில் பூத்த பூஞ்சணம் மற்ற இடங்களை மூடியிருக்கிறது.

அத்தைக்கு இப்போது எண்பத்தைந்து வயது. பார்வை மெள்ள மெள்ள மங்கி வருகிறதென்றும், அதைத் தடுப்பதற்கு இனி அதிகமாக ஒன்றும் செய்வதற்கில்லையென்றும் வைத்தியர் சொல்லிவிட்டார். சென்ற ஆடி மாதத்தில் அவள் அந்தப் படத்தை ஒரு பழைய பட்டுத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "கண் தெரிகிறபோதே அம்மா முகத்தை முழுசாக ஒரு தடவை பார்த்துவிடவேண்டும், தம்பி. கம்ப்யூட்டரில் சரி பண்ணலாம் என்கிறார்களே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்று சொல்லிவிட்டேன். அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தாம் இப்படி உடனே சொல்லுவார்கள்.

படத்தை ஸ்கானரில் வைத்துப் பிரதி எடுத்தேன். படம் திருத்தும் ஸாப்ட்வேர் ஒன்றில் அதைத் திறந்து, பூஞ்சணத்தை ஒவ்வொரு புள்ளியாக நீக்க ஆரம்பித்தேன். முதல் நாள் வேலை நன்றாகவே நடந்தது. இரண்டாம் நாள் பேனாவை இங்கே வைத்தால் கோடு சற்று நேரம் கழித்து வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் இரவு, பாட்டியின் கண்ணுக்குக் கீழிருந்த விரிசலை மறைத்து முடித்து நிமிர்ந்தேன். திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு படமும் இல்லை, ஸாப்ட்வேரும் இல்லை. அந்த மூன்று மணி நேர வேலையை நான் ஒரு முறையேனும் சேமித்து வைத்திருக்கவில்லை. மறு வாரமும் இப்படியே நேர்ந்தது.

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எத்தனையோ பேர் இந்த அநுபவத்தை அடைந்திருப்பார்கள். குழந்தையின் பள்ளிக்கூடப் படமாக இருக்கலாம். கல்யாணப் பத்திரிகையாக இருக்கலாம். சிறு வியாபாரத்துக்கான விளம்பரமாக இருக்கலாம். யந்திரம் நின்றவுடன் நாம் முதலில் அதைத் திட்டுகிறோம். அப்புறம் அணைத்துவிட்டு மறுபடியும் போடுகிறோம். அதற்கும் சரிப்படாவிட்டால் புது யந்திரம் வாங்கவேண்டுமென்று தீர்மானித்து, பணத்துக்கு என்ன செய்வதென்று யோசிக்கத் தொடங்குகிறோம். காரணம் என்னவென்று மட்டும் விசாரிப்பதில்லை. நானும் இரண்டு முறை விழுந்த பிறகே விசாரிக்கப் புகுந்தேன். அவ்விதம் அறிந்த விஷயங்களை மற்றவர்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வியாதிகள்

முதலாவதாக, மந்தம் வேறு, மூர்ச்சை வேறு என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். பேனாவுக்குப் பின்னால் கோடு தள்ளாடி வருவது மந்தம். ஸாப்ட்வேர் திடீரென்று மறைந்து போவது மூர்ச்சை. சில சமயம் முன்னது முற்றிப் பின்னதாக மாறும். சில சமயம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இராது. ஜுரத்துக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே கஷாயத்தைக் கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவோமா? ஆகையால் முதலில் மந்தத்தைப் பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு

டிஸ்க்கில் 3 மெகாபைட் என்று காட்டும் ஜேபெக் படத்தைப் பார்த்து, "இத்தனை சிறிய படத்துக்கா இவ்வளவு பாடு?" என்று வியக்கிறோம். அந்த 3 மெகாபைட் என்பது மடித்துக் கட்டிய மெத்தையின் அளவு. திறந்தவுடன் மெத்தை முழுவதும் விரிந்துவிடும். விரிந்த அளவைக் கண்டுபிடிப்பது சுலபம். படத்தின் அகலத்திலுள்ள புள்ளிகளை உயரத்திலுள்ள புள்ளிகளால் பெருக்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும், ஒளி ஊடுருவும் தன்மைக்கும் சேர்த்து நான்கால் பெருக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் 8 பிட் என்றால் விடை அப்படியே பைட் கணக்கு. 16 பிட் என்றால் அதைப்போல் இரு மடங்கு. 32 பிட் என்றால் நான்கு மடங்கு.

என் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். பாட்டியின் படம் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம். ஆசை மிகுதியால் அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம், 16 பிட்டில் பிரதி எடுத்தேன். 7200-ஐ 4800-ஆல் பெருக்கினால் 3 கோடியே 45 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு 8 பைட். ஆகவே ஒரு லேயருக்கு மட்டும் சுமார் 276 மெகாபைட்! லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கண்ணாடித் தாள் போன்றது. பூஞ்சணத்துக்கு ஒன்று, விரிசலுக்கு ஒன்று, தாத்தாவின் சட்டைக்கு ஒன்று என்று நான் பன்னிரண்டு லேயர்களை, ஒவ்வொன்றும் படத்தின் முழு அளவுக்கு, அடுக்கியிருந்தேன். மொத்தம் 3,300 மெகாபைட்டுக்கு மேல் ஆயிற்று. என் கம்ப்யூட்டரில் இருந்ததோ 4 ஜிகாபைட் ராம். அதில் பெரும் பகுதியை விண்டோஸும், பக்கத்தில் திறந்து வைத்திருந்த பிரவுஸரும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தன.

இது மட்டுமல்ல. செய்ததை மாற்றிப் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு 'அன்டூ' என்ற சௌகரியம் இருக்கிறதல்லவா? படம் முழுவதையும் மாற்றும் காரியம் ஒவ்வொன்றுக்கும், மாற்றுவதற்கு முன்னிருந்த நிலையை யந்திரம் ஒரு பக்கம் எடுத்து வைக்கவேண்டும். பத்துத் தடவை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால், பத்துப் பழைய படங்கள் யந்திரத்தின் தலைமேல் ஏறி உட்காருகின்றன.

மேடையும் உக்கிராண அறையும்

ராம் என்பதைக் கல்யாணச் சமையலறையின் மேடையாகவும், டிஸ்க்கை உக்கிராண அறையாகவும் பாவித்துக்கொள்ளுங்கள். மேடையில் இடமிருக்கும் வரையில் சமையற்காரர் கை நீட்டிய இடத்தில் சாமான் கிடைக்கிறது. இடம் போதாவிட்டால் ஒரு பாத்திரத்தை உக்கிராணத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்து வரவேண்டும். பிறகு அதை வைத்துவிட்டு முன்னதை எடுக்கவேண்டும். பொழுதெல்லாம் நடையிலேயே போய்விடும்.

இந்த நடை எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் திகைத்துப் போவீர்கள். ராமிலிருந்து ஒரு விவரத்தை எடுக்கச் சுமார் 100 நானோ செகண்டு ஆகிறது. எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை டிஸ்க்கிலிருந்து எடுக்கச் சுமார் 100 மைக்ரோ செகண்டு. சுழலும் தட்டுக்களையுடைய பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்கச் சுமார் 10 மில்லி செகண்டு. இவை நம் புத்திக்கு எட்டாத அளவுகள். ஆகையால் ராமிலிருந்து எடுப்பதை ஒரு செகண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் எஸ்.எஸ்.டி.க்குப் போய் வருவதற்குப் பதினேழு நிமிஷம் ஆகும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போய் வருவதற்கு ஒரு நாளைக்கு மேல், சுமார் இருபத்தெட்டு மணி நேரம் ஆகும்! கோடு பேனாவுக்குப் பின்னால் தள்ளாடி வந்ததில் ஆச்சரியம் உண்டா?

உங்கள் யந்திரத்துக்கு வந்திருப்பது இந்த நோய்தானா என்று அறிய நாடி பிடித்துப் பார்க்கலாம். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' என்ற பலகை தோன்றும். மந்தம் ஏற்படும் அதே சமயத்தில் அதில் மெமரி நிரம்பி வழிந்து, டிஸ்க்கும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால், இடப் பஞ்சம்தான் காரணம். மெமரி பாதி காலியாயிருந்தும் மந்தம் இருந்தால் வேறிடத்தில் தேடவேண்டும். ஜிம்ப் என்னும் ஸாப்ட்வேரில் 'டாஷ்போர்டு' என்ற தனிப் பலகையே இருக்கிறது. கையிருப்பு எவ்வளவு, டிஸ்க்கில் தள்ளியது எவ்வளவு என்பதை அது நடப்புக் கணக்காகக் காட்டும்.

மந்தத்துக்குச் சிகிச்சை

செலவில்லாத மருந்துகளை முதலில் சொல்லுகிறேன்.

தேவைக்கு மேல் பெரிய பிரதி எடுக்காதீர்கள். 6-க்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் எடுத்தால், 3600-க்கு 2400 புள்ளிகள் கிடைக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 12 அங்குலத்துக்கு 8 அங்குலப் படம் தெளிவாக வரும். வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு இது தாராளம். புள்ளிகளின் தொகையோ 1200-ல் எடுத்ததில் நாலில் ஒரு பங்குதான்.

கறுப்பு வெள்ளைப் படமாயிருந்து, பழுப்பேறிய நிறம் வேண்டியதில்லையென்றால், அதைக் 'கிரேஸ்கேல்' முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். நான்குக்குப் பதில் இரண்டு கணக்குத்தான் வைக்கவேண்டியிருக்கும். 16 பிட்டின் நுட்பத்தையும் விடாமல் காப்பாற்றலாம். பாட்டியின் படத்தை இவ்விரு வகையிலும் குறைத்தபோது, லேயருக்கு 276 மெகாபைட் என்றிருந்தது சுமார் 35 மெகாபைட்டாகச் சுருங்கிற்று. எட்டில் ஒரு பங்கு! கறை மஞ்சளாகவும் படம் சாம்பலாகவும் இருக்கையில் மட்டும் அவசரப்படவேண்டாம். கறையைப் பிரித்தறிய நிறம் உதவி செய்யும். கறையை நீக்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

முடிந்துபோன லேயர்களை ஒன்றாக இணைத்துவிடுங்கள். இணைக்குமுன் அதுவரை செய்ததை வேறு பெயரில் சேமித்துக்கொண்டால், பின்னால் வருத்தப்பட நேராது.

பிரவுஸர், பாட்டு, வீடியோ முதலியவற்றை மூடுங்கள். படம் திருத்தும்போது பாட்டுக் கேட்பது இன்பந்தான். ஆனால் அந்த இன்பத்துக்கும் மேடையில் இடம் வேண்டும்.

இனி ஸாப்ட்வேரின் உள் ஏற்பாடுகளைக் கவனிப்போம். ஜிம்பில் 'எடிட்' என்பதன் கீழ் 'பிரிபரென்ஸஸ்', அதனுள் 'ஸிஸ்டம் ரிஸோர்ஸஸ்' என்ற பக்கம் இருக்கிறது. 'டைல் காஷ் ஸைஸ்' என்பது, ராமில் எவ்வளவு இடத்தைப் படத்துக்கென்று ஒதுக்கலாம் என்ற உத்தரவு. மொத்த ராமில் பாதியிலிருந்து முக்கால் வரையில் ஒதுக்குவது பொதுவாக ஒத்துவரும். முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. விண்டோஸுக்கே இடமில்லாமல் போனால் எல்லாமே தடுமாறும். அதே பக்கத்தில் அன்டூவுக்கு எத்தனை படி, எவ்வளவு இடம் என்பதையும் குறைத்துக்கொள்ளலாம். போட்டோஷாப்பில் 'பிரிபரென்ஸஸ்', 'பெர்பார்மென்ஸ்' என்ற பக்கத்தில் இதே ஏற்பாடுகள் இருக்கின்றன. அங்கே ராமில் 70 சதவிகிதமும், 'ஹிஸ்டரி ஸ்டேட்ஸ்' என்னும் பழைய நிலைகள் 50-ம் வழக்கமாக அமைந்திருக்கும். சிறிய யந்திரத்தில் ஐம்பதை இருபதாகக் குறைப்பதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

உக்கிராண அறை எங்கே இருக்கவேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். ஜிம்பில் இது 'ஸ்வாப்' என்றும், போட்டோஷாப்பில் 'ஸ்கிராட்ச் டிஸ்க்' என்றும் வழங்குகிறது. எஸ்.எஸ்.டி. இருந்தால் அதில் அமைப்பது நலம். அங்கே காலியிடமும் வேண்டும். என் ஸாப்ட்வேர் மூர்ச்சையடைந்த ரகசியம் இங்கேதான் வெளிப்பட்டது. ராம் நிரம்பி, மிகுந்ததை டிஸ்க்குக்கு அனுப்பியிருக்கிறது. டிஸ்க்கிலோ உறவினர் கல்யாண வீடியோக்கள் கழுத்து வரையில் நிரம்பியிருந்தன. மேடையிலும் இடமில்லை, உக்கிராணத்திலும் இடமில்லை என்றால் சமையற்காரர் என்ன செய்வார்? கரண்டியைப் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேருவார். குற்றம் முழுவதும் என்னுடையது.

இவ்வளவுக்கும் பிறகு பேனா மட்டும் தயங்கினால், தூரிகையின் அளவையும் அதன் 'ஸ்பேஸிங்'கையும் பாருங்கள். தூரிகை பெரிதாகவும் இடைவெளி மிகச் சிறியதாகவும் இருந்தால், ஒரே கோட்டுக்கு நூற்றுக்கணக்கான முத்திரைகளை யந்திரம் குத்தவேண்டியிருக்கும். கை நடுக்கத்தைச் சரி செய்யும் 'ஸ்மூதிங்' என்ற ஏற்பாடும் கோட்டை வேண்டுமென்றே சற்றுப் பின்தங்கச் செய்யும். அதை வியாதியென்று நினைத்து மருந்து தேடுவோரும் உண்டு.

மூர்ச்சை எப்போது வருகிறது?

டிஸ்க்கில் இடமிருந்தும் ஸாப்ட்வேர் மறைந்துபோனால், "எப்போது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்குரிய பதிலே பாதி வைத்தியம்.

திறக்கும்போதே விழுந்தால், ஏதாவது ஒரு கெட்டுப்போன எழுத்துருவோ, புதிதாகச் சேர்த்த பிளக்-இன்னோ, சிதைந்த அமைப்புக் குறிப்புக்களோ காரணமாயிருக்கலாம். கடைசியாகச் சேர்த்ததை முதலில் நீக்கிப் பாருங்கள். அதனால் தீராவிட்டால், அமைப்புக்களைப் பழையபடி புதிதாக்கவேண்டும். போட்டோஷாப்பைத் திறக்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டிருந்தால், அமைப்புக் குறிப்பை நீக்கலாமா என்று கேட்கும். ஜிம்பில், உங்கள் பெயரிலுள்ள அதன் அமைப்புக் கோப்புறைக்கு வேறு பெயர் இட்டுவிட்டால், புதிதாக ஒன்றை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். நீக்கிவிடாமல் பெயரை மட்டும் மாற்றுவதில் ஒரு லாபம் உண்டு: குற்றம் அங்கே இல்லையென்று தெரிந்தால் பழையதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

ஒரு குறிப்பிட்ட படத்தைத் திறந்தால் மட்டும் விழுகிறதென்றால், அந்தப் படமே சிதைந்திருக்கக்கூடும். அதை வேறொரு ஸாப்ட்வேரில் திறந்து வேறு பெயரில் சேமித்துப் பார்க்கவேண்டும்.

ஒரு குறிப்பிட்ட கருவியைத் தொட்டால், அல்லது பெரிதாக்கிச் சிறிதாக்கினால் விழுகிறதென்றால், திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் சில்லின் மீதும், அதை இயக்கும் 'டிரைவர்' மீதும் சந்தேகப்படலாம். போட்டோஷாப்பின் பெர்பார்மென்ஸ் பக்கத்தில் கிராபிக்ஸ் பிராஸஸர் என்ற குறியை நீக்கியும், கிரிதாவில் 'டிஸ்ப்ளே' பக்கத்தில் 'கான்வாஸ் ஆக்ஸிலரேஷன்' என்பதை நிறுத்தியும் சோதிக்கலாம். அப்போது சரியாக ஓடினால் டிரைவரைப் புதுப்பிக்கவேண்டும். குறியை நீக்கியபடியே விட்டுவிடுவது சிகிச்சை ஆகாது; அதனால் வேகம் குறையும்.

காலமும் இடமும் இல்லாமல், இந்த ஸாப்ட்வேர் மட்டுமின்றி மற்றவையும் விழுகின்றனவென்றால், யந்திரத்தின் உடம்பிலேயே கோளாறு. உள்ளே புழுதி அடைத்து விசிறி சுழலாவிட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் யந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகு அணைந்துவிடும். நம் நாட்டுச் சித்திரை, வைகாசி வெயிலில் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். மடிக் கம்ப்யூட்டரை மெத்தைமேல் வைத்து அதன் மூச்சுத் துவாரத்தை அடைக்கக் கூடாது. ராம் சில்லில் பழுது இருக்குமோ என்ற ஐயம் தோன்றினால், 'மெம்டெஸ்ட்86' என்ற பரிசோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம். பிழையென்று ஒன்று காட்டினாலும் சில்லை மாற்றிவிடுவதே உசிதம்.

எதைச் செய்தாலும் ஒரு சமயத்தில் ஒரே மாறுதல் செய்யுங்கள். ஐந்து மருந்தை ஒன்றாகக் கொடுத்துக் குணமானால், எது குணப்படுத்தியது என்று தெரியாது. செய்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் குறித்து வாருங்கள். இந்தப் பழக்கத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1947-ஆம் வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் மார்க் 2 என்னும் கம்ப்யூட்டர் பிழை செய்தது. அதை இயக்கியவர்கள் ஒவ்வொரு பகுதியாகச் சோதித்துச் சென்று, ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டார்கள். அதை எடுத்துத் தினக்குறிப்பில் ஒட்டி, கண்டுபிடித்த நேரத்தையும் எழுதி வைத்தார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் இதைப் பின்னாளில் பலமுறை எடுத்துச் சொல்லிப் புகழ் பெறச் செய்தார். யந்திரப் பிழைக்குப் 'பூச்சி' என்ற பெயர் அதற்கு முன்பே இஞ்சினீயர்களிடம் வழங்கி வந்ததாயினும், மெய்யான பூச்சி அகப்பட்டது அன்றுதான். அந்தக் குறிப்புப் புத்தகம் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தின் வசம் இன்றும் இருக்கிறது.

தன் கையே தனக்குதவி

இவ்விடத்தில் ஜிம்பைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். ஸ்பென்ஸர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள், கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கலாசாலையில் 1995-ஆம் வருஷம் அதைத் தொடங்கினார்கள். மறு வருஷம் அது உலகுக்கு வெளிவந்தது. அப்போது திரையில் பொத்தான்களையும் பலகைகளையும் வரைவதற்கு 'மோட்டிப்' என்ற பிறர் சரக்கை அவர்கள் நம்பியிருந்தார்கள். அதற்கு விலை கொடுத்து அநுமதி பெற வேண்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவும் வழியில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பகுதியைத் தாங்களே புதிதாக எழுதிக்கொண்டார்கள். 'ஜிம்ப் டூல்கிட்' என்பதன் சுருக்கமாக ஜி.டி.கே. என்று பெயர் பெற்ற அந்த நூற்பு, 1997-ல் தொடங்கிய க்னோம் என்னும் பெரிய முயற்சிக்கு அஸ்திவாரமாயிற்று. அந்நியத் துணிக்காகக் காத்திராமல் ராட்டையை எடுத்துத் தானே நூற்றவர்களின் சந்ததியினரான நமக்கு இந்தக் கதையின் அருமையை விளக்கவேண்டியதில்லை.

ஜிம்பும் கிரிதாவும் இனாமாகக் கிடைக்கின்றன என்பதைக் காட்டிலும், அவற்றின் மூல எழுத்து முழுவதும் யாரும் படிக்கும்படி திறந்திருக்கிறது என்பதே பெரிது. ஜிம்பைத் தமிழிலேயே தோன்றும்படி மொழிபெயர்த்த அன்பர்கள் இருக்கிறார்கள். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அதைப் பாடமாகவே பயில்கிறார்கள். நம் வீட்டில் ஸாப்ட்வேர் விழுந்தால், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது விழுந்தது, மறுபடி செய்தால் மறுபடி விழுகிறதா என்ற மூன்று விவரங்களையும் அதை ஆக்குவோருக்கு எழுதலாம். நாம் எழுதும் நாலு வரி, முகம் தெரியாத எத்தனையோ பேருடைய படத்தைக் காப்பாற்றக்கூடும். விலை கொடுத்து வாங்கிய ஸாப்ட்வேரைக் குறை கூற நான் வரவில்லை. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்களின் உழைப்பால் உருவாகி 1990-ல் வெளிவந்த போட்டோஷாப் இந்தத் துறைக்கே வழிகாட்டி. எதைக் கையாண்டாலும், அதன் உள்ளே நடப்பதை ஓரளவேனும் தெரிந்துகொண்டு கையாளவேண்டும் என்பதே என் கட்சி.

சேமிப்பு

இவ்வளவு சொல்லியும் ஒன்றைச் சொல்லாவிட்டால் கட்டுரை வீண். யந்திரம் எப்போதாவது விழத்தான் செய்யும். விழும்போது நம் வேலையும் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். போட்டோஷாப் வழக்கமாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை மீட்புப் பிரதி ஒன்றைத் தானாகவே எடுத்து வைக்கிறது. கிரிதாவும் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அவ்விதம் செய்கிறது. ஜிம்ப், 2018-ல் வெளிவந்த 2.10-ஆம் பதிப்பு முதல், விழும் தறுவாயில் படத்தைக் காப்பாற்ற முயல்கிறது. முயலுகிறது என்றுதான் சொல்லலாம். மின்சாரமே நின்றுவிட்டால் அது என்ன செய்யும்? ஆகையால் கால் மணிக்கு ஒரு முறை கண்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்துவதைக் கைக்கு வழக்கமாக்கிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் புதிய பெயர் கொடுங்கள்: பாட்டி 1, பாட்டி 2, பாட்டி 3 என்று. ஒரே பெயரில் சேமித்து, அந்த ஒன்று சிதைந்தால் எல்லாம் போயிற்று. லேயர்களுடன் கூடிய மூலப் படத்தை வைத்துக்கொள்ளாமல் ஜேபெக்காக மட்டும் வெளியேற்றிவிட்டால், மறுபடி திருத்த வழியிராது. வாரம் ஒரு முறை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதை வேறு அறையில் வையுங்கள்.

நிற்க. கல்யாண வீடியோக்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். 600 புள்ளியில் புதிதாகப் பிரதி எடுத்தேன். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் அதே பழைய யந்திரம் பேனாவுடன் கூடவே ஓடி வந்தது. விரிசலை மறைக்கும் வேலை மட்டும் மறுபடி பதினொரு இரவுகள் பிடித்தது. பாட்டியின் இரண்டாவது கண்ணை நான் கற்பனை செய்து வரையவில்லை. விரிசலின் இரு கரையிலும் மிஞ்சியிருந்ததைக் கொண்டே இணைத்தேன். அகப்படாத ஓர் இடத்தை மங்கலாகவே விட்டேன்.

விநாயக சதுர்த்திக்கு முதல் நாள் சட்டம் போட்ட படத்தை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் எடுத்துச் சென்று, முகத்துக்கு வெகு சமீபத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "மூக்குத்தி போட்டிருக்கிறாளே, தம்பி! விற்றுவிட்டதாக அல்லவா எனக்குச் சொன்னார்கள்? அப்பா ஜெயிலுக்குப் போன பிறகுதான் விற்றிருக்கவேண்டும்" என்றாள்.

பூஞ்சணத்துக்கு அடியில் அந்த மூக்குத்தி இத்தனை வருஷமாக மறைந்து கிடந்திருக்கிறது. அதை ஒரு புள்ளிக் கறையென்று நினைத்து இரண்டாம் நாளே நான் அழித்திருந்தேன். அந்த வேலையெல்லாம் மூர்ச்சையில் தொலைந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோதுதான் நிதானமாகப் பார்த்து அதை விட்டு வைத்தேன். இதை அத்தையிடம் நான் சொல்லவில்லை.